பழைய ஸ்டீல் ஃபிரேமில் புது ஃபோர்க்: ஐந்து வருடம் ஓட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஒரு குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) மவுண்டன் பைக் சைக்கிள். 26 அங்குலச் சக்கரம், முன் சக்கரத்தைத் தாங்கும், 80 மி.மீ. அமுங்கும் ஃபோர்க், முன்னும் பின்னும் ரிம்மை இரு பக்கமும் கவ்வும் வி-பிரேக். பழைய ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருந்த ரப்பர் கட்டைகள் இறுகிக் கல்லாகிவிட்டன. மாற்றுப் பாகம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வண்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அந்த ஃபிரேமின் மெல்லிய குழாய்கள் கரடுமுரடான பாதையில் லேசாக வளைந்து கொடுக்கும் சுகம் அதை ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

முதல் சிக்கல் விட்டம். என் ஃபிரேமின் ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையும் முன்பக்கக் குழாய்) உள்விட்டம் 34 மி.மீ. அதற்குள் போகிற ஸ்டீயரர் (ஃபோர்க்கின் மேல் தண்டு) 28.6 மி.மீ., அதாவது ஒன்றே அரைக்கால் அங்குலம். இன்று வரும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் ஸ்டீயரர் மேலே அதே 28.6, கீழே போகப் போகப் பருத்து ஒன்றரை அங்குலம், 38.1 மி.மீ. முப்பத்து நான்குக்குள் முப்பத்தெட்டு போகாது. கீழ் பேரிங்கை வெளியே தள்ளி வைக்கும் கப் (பேரிங் உட்காரும் கிண்ணம்) போட்டால் சமாளிக்கலாமே என்று நானும் நினைத்தேன். ஆனால் பருமன் குறைவதே ஹெட் டியூபுக்குள் ஏறிய பிறகுதான். கப் மாற்றி அதை ஏமாற்ற முடியாது.

அதனால் முதல் மூன்று வருடம் எளிய வழியில் போனேன். மேலிருந்து கீழ் வரை ஒரே விட்டமுள்ள நேர் ஸ்டீயரர் ஃபோர்க்குகள் இன்னும் தயாராகின்றன. 100 மி.மீ. ஃபோர்க் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஒரே ஒரு நிபந்தனை: அதில் வி-பிரேக்குக்கு இடம் இல்லை, முன்னால் டிஸ்க் பிரேக்தான். சரி என்று டிஸ்க் மாட்டும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) வைத்த முன் சக்கரம் ஒன்றைக் கட்டிக்கொண்டேன். பின்னால் வி-பிரேக் அப்படியே இருந்தது. இரண்டு லீவருக்கும் கைக்கு வேறு வேறு உணர்வு. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

இங்கேதான் இந்த வேலையின் உண்மையான அளவு வருகிறது. முன் ஆக்சிலிலிருந்து ஃபோர்க்கின் தோள் வரையான நீளத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். என் பழைய ஃபோர்க் சுமார் 450 மி.மீ., புதியது 471. வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்தான். ஆனால் முன்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தால் வண்டி முழுவதும் பின்னால் சாய்கிறது. ஹெட் டியூபின் கோணம் ஒரு டிகிரி படுத்துவிடும், சீட் கோணமும் அதே ஒரு டிகிரி. அந்த ஒரு டிகிரி எனக்குப் பிடித்தே இருந்தது. இறக்கத்தில் வண்டி முன்பைவிட நிதானமாக நின்றது.

குறை இரண்டாவது வருடத்தில் தெரிந்தது. ஃபோர்க்கின் மெல்லிய கால்கள், லீவரைத் திருப்பிக் கழற்றும் மெல்லிய க்விக் ரிலீஸ் ஆக்சில். இறக்கத்தில் டிஸ்க்கை அழுத்திப் பிடித்தால் ஃபோர்க் பின்னால் வளைவதைக் கண்ணால் பார்க்கலாம். நேர் ஸ்டீயரரில் இதைவிடத் திடமான ஃபோர்க் என் கைக்கு எட்டவில்லை. அப்போதுதான் ஹெட் டியூபையே மாற்றும் கிறுக்கு பிடித்தது.

ஃபிரேம் கட்டுபவர் பழைய ஹெட் டியூபை அறுத்து எடுத்துவிட்டு, 44 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயைப் பித்தளையை உருக்கிப் பிரேசிங் செய்து ஒட்டினார். புதுக் குழாய் வெளியிலும் பெரியது. அதனால் மேல் குழாய், டவுன் டியூப் (பெடல் அச்சுக்கு இறங்கும் சாய்ந்த குழாய்) இரண்டின் முனைகளிலும் வளைவைப் பெரிதாக்கி அறுக்க வேண்டும். கோணம் பிசகினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் வராது. அதை அவர் சரியாகவே செய்தார். குழாயைத் திறந்தபோது டவுன் டியூபுக்குள் துரு படிந்திருந்தது; உள்ளே எண்ணெய் விட்டுச் சுழற்றியது இந்த வேலையில் கிடைத்த உபரி லாபம்.

சொதப்பியது கடைசிக் கட்டத்தில். பிரேசிங் சூட்டில் குழாய் லேசாக நீள்வட்டமாகிவிடும். ஆறிய பிறகு உள்ளே சீவி, இரண்டு முனைகளையும் மட்டம் செய்துதான் கப்பை அழுத்த வேண்டும். என்னுடையதில் முனை மட்டம் அரைகுறையாக இருந்தது, நானும் பார்க்காமல் கப்பை ஏற்றிவிட்டேன். நான்கு மாதம் ஒவ்வொரு ஏற்றத்திலும் 'கிர்ர்' என்ற சத்தம். பெடலைச் சந்தேகப்பட்டேன், சீட் போஸ்ட்டைச் சந்தேகப்பட்டேன், செயினைக்கூட மாற்றினேன். கப்பைக் கழற்றி வேறொரு பட்டறையில் முனைகளை மட்டம் செய்த அன்றே சத்தம் நின்றது.

பெரிய தவறு என்னுடையதுதான். இடம் கிடைத்துவிட்டதே என்று 27.5 சக்கரத்துக்கான 120 மி.மீ. ஃபோர்க்கை வாங்கிவிட்டேன். நீளம் ஏறத்தாழ 520. பழையதைவிட ஏழு சென்டிமீட்டர் அதிகம், கிட்டத்தட்ட நான்கு டிகிரி. இறக்கத்தில் ராஜா மாதிரி இருந்தது. ஏற்றத்தில் நான் பின் சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க, முன் சக்கரம் தன் இஷ்டத்துக்கு அலைந்தது. பெடல் அச்சும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து, திருப்பங்களில் வண்டி மேல் ஏறி நிற்பது போல ஓர் உணர்வு. ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கினேன், சீட்டை முன்னுக்குத் தள்ளினேன். ஓரளவுதான் உதவியது. கோணத்தைப் பற்றிய கவலை ஒருபுறம் இருக்க, நீளமான ஃபோர்க் நீளமான நெம்புகோலும்கூட. ஒவ்வொரு இடியும் டவுன் டியூபின் தொடக்கத்தைத்தான் பிடித்து நெம்பும்.

நல்லவேளையாக அந்த ஃபோர்க்கில் உள்ளிருக்கும் ஏர் ஷாஃப்டை (அமுங்கும் தூரத்தை முடிவு செய்யும் தண்டு) மாற்றி 100 மி.மீ. ஆக்க முடிந்தது. இப்போது நீளம் 500. அமுங்காத நிலையில் பழையதைவிட ஐந்து சென்டிமீட்டர் அதிகம் என்றாலும், நான் ஏறி உட்கார்ந்தால் 25 மி.மீ. இறங்குகிறது. பழையது 15 இறங்கும். ஓட்டும்போது உண்மையான வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர், இரண்டு டிகிரி. இந்த ஃபிரேமுக்கு அதுதான் எல்லை என்று நினைக்கிறேன். 26 அங்குல ரிம்மையே புது 15 மி.மீ. ஆக்சில் ஹப்பில் கட்டினேன். 27.5 போட்டால் ஆரம் இன்னும் 12.5 மி.மீ. கூடும், இதற்கு மேல் தூக்க வேண்டாம் என்றிருந்தது.

மாட்டிய பிறகே தெரிந்த ஒன்று: புது ஃபோர்க்கின் தோளில் உள்ள திருகுக் குமிழ் ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் டவுன் டியூபில் முட்டுகிறது. முதல் வாரமே பெயிண்ட் பெயர்ந்தது. அந்த இடத்தில் தடிமனான ரப்பர் ஒட்டியிருக்கிறேன். ஹெட் டியூபை அறுக்கும் முன்பே ஃபோர்க்கைக் கையில் வைத்துப் பார்த்திருந்தால் கீழ் முனையை ஒரு சென்டிமீட்டர் நீட்டி வைக்கச் சொல்லியிருப்பேன்.

இந்த வடிவில் இரண்டு வருடம் ஓடிவிட்டது. வளைவு போயே போச்சு. பிரேக் பிடித்தால் சக்கரம் சொன்ன கோட்டில் நிற்கிறது. மாதம் ஒருமுறை டவுன் டியூபின் அடிப்பக்கத்தை, ஹெட் டியூபுக்குப் பின்னால் இருக்கும் அந்த நான்கு விரல்கடையை, விரலால் தடவிப் பார்க்கிறேன். வீக்கமோ பெயிண்டில் மயிரிழைக் கோடோ தென்பட்டால் அன்றோடு நிறுத்திவிடுவேன். இதுவரை இல்லை. யாராவது கேட்டால், முதலில் நேர் ஸ்டீயரர் ஃபோர்க்கோடு ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

பின்னாலும் டிஸ்க் போட்டாயா என்பது அடுத்த கேள்வியாக வரும். போடவில்லை. இடதுபக்கப் பின் குழாய்கள் அந்த விசைக்காகச் செய்யப்பட்டவை அல்ல, வி-பிரேக்கும் மழையைத் தவிர வேறு எதிலும் என்னைக் கைவிட்டதில்லை.