‘கீழடிப் பாசி’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்

மதுரையில் ஒருவர் கீழடிப் பக்கம் மண்ணில் கிடைத்த பழைய மணி என்று நம்பி 9,500 ரூபாய் கொடுத்து வாங்கிய மாலையை அவிழ்த்துப் பார்த்ததில் தெரிந்தது இது. “திருப்புவனம் பக்கம் தென்னந்தோப்புல குழி வெட்டுறப்ப கிடைச்சதுண்ணே, ஆபீஸருங்க காதுக்குப் போறதுக்குள்ள எடுத்துக்கங்க” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ரசீது இல்லை. மறுநாளிலிருந்து போனும் எடுக்கவில்லை.

மொத்தம் 34 மணி. அதில் 11 வெறும் கண்ணாடி. பத்து மடங்கு லென்ஸில் உள்ளே குமிழி தெரிந்தது. நல்ல எஃகு அரத்தைத் துளையோரம் லேசாக இழுத்தால் கண்ணாடியில் கடிக்கும். சூதுபவளத்தில் (கார்னீலியன் என்னும் சிவப்புக் கல்) வழுக்கிக்கொண்டு போகும்.

மீதி 23 அசல் சூதுபவளம்தான். ஆள் ஏமாறுவதே இங்கேதான். கல் அசல் என்பதால் மணி பழசாகிவிடாது. குஜராத்தில் காம்பத் என்ற ஊரில் இன்றும் சூதுபவள மணி செய்யும் தொழில் நடக்கிறது. கல்லை வெயிலில் காயவைத்து, சட்டியில் மெதுவாகச் சூடாக்குவார்கள். கல்லிலுள்ள இரும்பு சிவப்பாக மாறுவது அப்போதுதான். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் கல்லைப் பிளந்துவிடும். பிறகு தரையில் ஊன்றிய இரும்பு முளையில் கல்லை வைத்து, கொம்புத் தலைச் சுத்தியலால் தட்டிச் செதுக்கி, வைரத் துணுக்கு பதித்த ஊசியால் இரு பக்கமிருந்தும் துளை போடுவார்கள். அதனால் ‘ரெண்டு பக்கமும் துளைச்சிருக்கு, பழசுதான்’ என்ற பேச்சு எதற்கும் சாட்சியில்லை.

பார்க்க வேண்டியது துளையின் வாயை. காலங்காலமாகக் கழுத்தில் கிடந்த மணியில் நூல் ஒரு பக்கமாக அறுத்த தடம் இருக்கும், பக்கத்து மணி உரசி விளிம்பு மழுங்கியிருக்கும். இந்த 23-லும் விளிம்பு புதுப் பிளேடு மாதிரி. செம்மண்ணைப் பசையில் குழைத்துத் துளைக்குள் அடைத்திருந்தார்கள். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறியதும் கழன்றது, உள்ளே பளபள. மங்கல் தெரிய உப்புத்தாள் தேய்த்திருக்கிறார்கள், கீறல் எல்லாம் ஒரே திசையில். அளவும் அத்தனையும் 8 மி.மீ. பழங்காலத்தில் மணிப் பட்டறை இருந்த ஈரோடு மாவட்டக் கொடுமணலில்கூட மண்ணுக்குள் கிடைத்தவற்றில் சில்லும் பாதியில் விட்ட மணியும் உண்டு. தோப்பில் மட்டும் ஒரே அளவில் முழுசாக 34 வருமா?

சரி, நிஜமாகவே தோண்டி எடுத்தது என்றே வையுங்கள். 1878 புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்ததை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. போலியானால் பணம் போகும், அசலானால் வாங்கினவருக்கும் சிக்கல்தான்.

கீழடி மணி பார்க்க ஆசையா, 2023-இல் திறந்த அருங்காட்சியகம் அங்கேயே இருக்கிறது. அணிய ஆசையா, புதுச் சூதுபவளம் என்றே கேட்டு, பில்லில் கல்லின் பெயரை எழுதி வாங்குங்கள்.