டெபியனில் ஆப்ட், ஆப்டிட்யூட், சினாப்டிக்: எது எதற்கு?

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணைப்பாட நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் பழைய டெஸ்க்டாப்கள், எல்லாவற்றிலும் டெபியன் 12 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம். மென்பொருள் போட, எடுக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்றாட வேலைக்கு ஆப்ட் போதும். 2014இல் இந்தக் கட்டளை வருவதற்கு முன் நிறுவ ஆப்ட்-கெட், தேட ஆப்ட்-கேஷ் என்று மாறி மாறி அடிக்க வேண்டும். இப்போது ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது. கட்டளைகளைத் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட் எழுதுவதானால் மட்டும் ஆப்ட்-கெட்டையே வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ட் திரையில் காட்டும் வெளியீட்டின் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்று அதுவே எச்சரிக்கும்.

ஆனால் எனக்கு மனதுக்குப் பிடித்தது ஆப்டிட்யூட். காரணம் கேட்டால் சொல்லும் கருவி அது. ஒரு கணினியில் எக்ஸிம் அஞ்சல் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பயிற்சித்தாள் அச்சடிக்கும் இயந்திரத்தில் அஞ்சல் சர்வருக்கு என்ன வேலை? 'ஆப்டிட்யூட் ஒய்' (aptitude why, அதாவது 'ஏன்') என்று அடித்து எக்ஸிமின் பெயரைக் கொடுத்தேன். 'ஏட்' என்ற நேரம் குறித்து வேலை ஓட்டும் நிரல் அதைப் பரிந்துரைக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. கட்டாயத் தேவை இல்லை, பரிந்துரைதான். அதனால் எக்ஸிமைத் தைரியமாக எடுத்துவிட்டேன். ஏட் பாட்டுக்கு ஓடுகிறது. வேலை முடிந்ததும் வெளியீட்டை அஞ்சலில் அனுப்பாது, அவ்வளவுதான்.

சார்புகள், அதாவது ஒரு மென்பொருள் ஓடத் தேவைப்படும் மற்ற மென்பொருள்கள், சிக்கிக்கொண்டால் டெபியன் 12இன் ஆப்ட் பெரும்பாலும் பிழையைச் சொல்லி நின்றுவிடும். ஆப்டிட்யூட் ஒரு தீர்வை முன்வைக்கும். பிடிக்கவில்லை என்றால் 'என்' (n) அழுத்துங்கள், அடுத்ததைக் காட்டும். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் யோசனையே பாதி டெஸ்க்டாப்பைக் கழற்றிவிடலாம் என்பதாக இருக்கக்கூடும். நீக்கப்படும் பட்டியலை வரி வரியாகப் படிக்காமல் சம்மதம் சொல்லும் 'ஒய்' (y) அழுத்தவே கூடாது. ஒரு டெபியன் பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஆப்டிட்யூடைத் தொடாதீர்கள். டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளும் அதற்கு ஆப்ட்டைத்தான் சொல்கின்றன.

கட்டளை அடிக்கும் டெர்மினல் பக்கமே வரமாட்டேன் என்பவர்களுக்கு, சுட்டியால் சொடுக்கி வேலை செய்யும் சினாப்டிக் இருக்கிறது. பழைய முகம்தான், ஆனால் தேடலும் வடிகட்டலும் தெளிவு. ஒரு மென்பொருள் தொகுப்பை அதே பதிப்பில் பூட்டி வைக்கவும் முடியும். மூன்றும் இலவசம், மூன்றும் கீழே டிபிகேஜி (dpkg) என்ற டெபியனின் அடிப்படை நிறுவல் நிரலின் ஒரே தரவைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் சேர்ந்தே இருக்கட்டும்.