ஜிப்சம் பார்ட்டிஷன் போடுகிறீர்களா? தரையில் கோடு விழாமல் டிரில்லைத் தொடவிடாதீர்கள்

கோவையில் எங்கள் ஆபீஸ் ஹாலைக் குறுக்கே தடுத்து ஒரு கேபின் கேட்டோம். ஒரு காண்ட்ராக்டர் வந்தார். லேசர் வைத்துத் தரையிலும் சீலிங்கிலும் மார்க்கிங் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம் என்றார். கொட்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஆளையே காணோம்.

வேலைக்கு வந்த பையன்களிடம் லேசரும் இல்லை, தூக்குக்குண்டும் இல்லை. பின்சுவரிலிருந்து ஒரு முனையில் மட்டும் டேப் பிடித்தார்கள். மறுமுனைக்குக் கண்ணளவுதான். கேட்டால், "நேராத்தானே சார் இருக்கு" என்று பதில். போன் போட்டுக் காண்ட்ராக்டரிடம் சொன்னபோது, "பசங்க அனுபவசாலிங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்றார். சாயங்காலத்துக்குள் சேனல், அதாவது சுவரைத் தாங்கும் அடித் தகரப் பட்டை, தரையில் இறுகிவிட்டது.

எங்கள் தரை இரண்டடி டைல்ஸ். இடது முனையில் டைல் ஜாயின்ட்டுக்கும் புதுச் சுவருக்கும் 1 அங்குலம் இடைவெளி, வலது முனையில் 3 அங்குலம். பெயின்ட் அடித்தாலும் இது மறையாது. உள்ளே வருகிற எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது.

கதவு அதைவிடக் கூத்து. 3 அடி நிலை என்று முன்பே சொல்லியிருந்தோம். தரைச் சேனலில் சரியாக 3 அடி இடைவெளி வெட்டிவிட்டு, இரண்டு பக்க ஸ்டட்டையும் (செங்குத்தாக நிற்கும் தகரக் கால்) அந்த இடைவெளிக்குள்ளேயே நிறுத்தினார்கள். ஸ்டட் 2 அங்குலம் என்றால் மிச்சம் எவ்வளவு? 2 அடி 8 அங்குலம். "கதவைச் சீவிக்கலாம் சார்" என்றார்கள். நிலையையுமா சீவுவது?

அப்புறம் விரிசல். பெயின்ட் காய்ந்து கொஞ்ச நாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விட்டது. வேறொரு ஃபிட்டரைக் கூப்பிட்டோம். அவர் ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்ன காந்தத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டே போனார். ஸ்டட், ஸ்க்ரூ இருக்கிற இடத்தில் காந்தம் பிடிக்கும். விரிசல் பக்கத்தில் எங்கேயும் பிடிக்கவில்லை. போர்டு அகலம் 1220 மி.மீ.; ஸ்டட்டை 610 மி.மீ.க்கு ஒன்றாக நட்டால்தான் இரண்டு போர்டு சேரும் இடம் ஸ்டட் நடுவில் விழும். இவர்கள் இரண்டரை அடிக்கு ஒன்று நட்டு, ஸ்டட்டை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஜாயின்ட் அந்தரத்தில் நிற்கிறது. மேலே வெறும் பட்டிப் பூச்சு.

அந்த ஃபிட்டர் சொன்ன முறை இதுதான். பின்சுவரிலிருந்து இரண்டு முனையிலும் அளந்து, நடுவே சாயநூலை (சாயப்பொடி தடவிய நூல்) இழுத்து அடித்துக் கோடு போட வேண்டும். மூலையில் 3 அடி, 4 அடி குறித்துக் குறுக்கே பிடித்தால் 5 அடி வர வேண்டும். வராவிட்டால் பக்கச்சுவரே கோணல், அதை அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பிறகு லேசரோ தூக்குக்குண்டோ வைத்து அதே கோட்டை மேலே கான்கிரீட் வரை ஏற்ற வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கோடு சுவரை நிறுத்தினால் பக்கத்து அறைப் பேச்சு முழுக்கக் கேட்கும். கோட்டின் எந்தப் பக்கம் சேனல் உட்காரும் என்பதையும் மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். 50 மி.மீ. ஸ்டட்டுக்கு இரண்டு பக்கமும் 12.5 மி.மீ. போர்டு அடித்தால் சுவர் 75 மி.மீ. ஆகிவிடும். மேஜை, பீரோவுக்கு இடம் பார்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். கதவு, ஸ்டட், சுவிட்ச் பாக்ஸ் எல்லாம் தரைக் கோட்டிலேயே குறிபட வேண்டும். தரைக்கடியில் ஒயரோ பைப்போ போகிறதா என்று பார்ப்பதும் டிரில் போடுவதற்கு முன்புதான். அந்தக் கோட்டைப் போட்டோ எடுத்துக் காண்ட்ராக்டருக்கு அனுப்பி, ஓகே வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பில்லைப் பார்த்தால் இன்னொரு வித்தை. இரண்டு பக்கப் போர்டும் சேர்த்துத்தான் சதுர அடி ரேட் என்று பேசியிருந்தோம்; பில்லில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து இரட்டிப்பாக்கியிருந்தார். கதவு இடத்தையும் கழிக்கவில்லை. கொட்டேஷனை வைத்துக்கொண்டு கேட்டதும் ரேட்டைச் சரிசெய்தார், கோணலை மட்டும் சரிசெய்ய மறுக்கிறார். பிரித்துக் கட்டித் தரும்வரை மீதிப் பணம் கிடையாது என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.