ஆறு அமர்வும் ஒரு நோட்டும்

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவானால் வயிற்றுவலி வரும். வெள்ளிக்கிழமை மாலை தானாகவே போய்விடும். மருந்துக்கு மூன்று முறை அலைந்த பிறகுதான் எனக்கு அந்தக் கிழமைக் கணக்கு உறைத்தது. பள்ளிப் பேருந்தில் மூன்று பெண்கள் காலி இடத்தில் பையை வைத்துக்கொண்டு, "இங்கே ஆள் வருகிறது" என்பார்களாம். யாரும் வருவதில்லை. இவள் கம்பியைப் பிடித்தபடி பள்ளி வரைக்கும் நிற்பாள்.

"நீயும் திருப்பிக் கொடு" என்று சொன்ன அப்பன் நான்தான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் என்னிடம் பள்ளியைப் பற்றி வாயே திறக்கவில்லை. குழந்தைகளுக்கான ஆலோசனை மையம் ஒன்றில் ஆறு அமர்வுகளுக்குப் பதிவு செய்தது அப்போதுதான்.

முதல் நாள் ஆலோசகர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. டப்பா நிறையப் பொத்தான்களைக் கொட்டி, மேசையில் பேருந்தை அடுக்கிக் காட்டச் சொன்னார். மூன்று பெரிய சிவப்புப் பொத்தான்கள். தனக்கு ஒரு சின்னச் சட்டைப் பொத்தான். சுற்றிலும் 14 கறுப்பு. "இவர்களெல்லாம் என்ன செய்கிறார்கள்?" "ஜன்னலைப் பார்க்கிறார்கள்." எனக்குத் தொண்டை அடைத்தது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படமெடுத்து ஆராய்ந்தார்களாம். வேடிக்கை பார்க்கும் பிள்ளை ஒன்று குறுக்கிட்டாலே பாதிக்கு மேற்பட்ட சீண்டல் சம்பவங்கள் பத்து வினாடிக்குள் நின்றுவிட்டதாக 2001இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. இதை எங்களிடம் சொல்லிவிட்டு, கறுப்புகளில் யார் கொஞ்சம் நல்லவள் என்று மகளிடம் கேட்டார். விரல் தயங்காமல் ஒன்றைத் தொட்டது.

எங்களுக்குக் கிடைத்த வேலை ஒரு நோட்டு: தேதி, இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் யார். "அடிக்கடி கேலி செய்கிறார்கள்" என்று போய் நின்றபோது தலையாட்டிய பள்ளி, 11 தேதிகளைக் கண்டதும் நாற்காலி போட்டது. ஆனால் நால்வரையும் கூப்பிட்டுக் கை குலுக்க வைக்கலாம் என்றார்கள். ஆலோசகர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். சண்டை என்றால் சமாதானம் பேசலாம். திரும்பத் திரும்ப, வேண்டுமென்றே, பலம் குறைந்தவரைக் குறிவைத்துச் செய்வதற்குச் சமாதானப் பேச்சு சரிவராது என்பது அவர் கட்சி. அதற்குப் பதிலாகப் பேருந்தில் ஆளுக்கொரு இருக்கை எண் கேட்டு வாங்கினோம். பக்கத்து எண், அந்தக் கறுப்புப் பொத்தானுக்கு.

குறை இல்லாமல் இல்லை. நான்காம் அமர்வில் 'துணிச்சல் வாக்கியங்கள்' என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துக் கண்ணாடி முன் பழகச் சொன்னார்கள். மகள் அதை அப்படியே பேருந்தில் ஒப்பித்தாள். அடுத்த ஒரு வாரம் அந்த மூவரும் அதே வாக்கியத்தை ராகம் போட்டுப் பாடினார்கள். அந்தத் தாளை எழுதியவர் எட்டு வயதில் பேருந்தில் போனவராக இருக்க முடியாது.

நோட்டின் பின்பக்கங்களில் இப்போது புள்ளி வைத்துக் கட்டம் போடும் ஆட்டம் நிறைந்திருக்கிறது, இரண்டு கையெழுத்துகளில். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பதிவு செய்கிறவர்கள் மாலை நேரத்தை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளி நேரத்தில் வரச் சொன்னால், ஏன் பாதியில் கிளம்பினாய் என்ற கேள்விக்கும் பிள்ளைதான் வகுப்பில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.