வடசென்னையின் அடிப்பாறையை வரைய மூன்று இலவச மென்பொருள்கள்: நெடுநாள் அனுபவம்

புவியீர்ப்பு, காந்தத் தரவுகளைக் கொண்டு மண்ணுக்கு அடியிலுள்ள பாறை அமைப்பை வரைவது என் தொழில். அதற்கு ஜிஎம்டி (தரவிலிருந்து வரைபடம் வரைவது), ஹார்மோனிகா (புவியீர்ப்பு, காந்தத் தரவுகளைக் கணக்கிடுவது), க்யூஜிஐஎஸ் (திரையில் நிலவரைபடங்களைக் கையாள்வது) என்ற மூன்று இலவச மென்பொருள்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வீடு தண்டையார்பேட்டை, வேலை பெரும்பாலும் திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர் பக்கம்.

இந்தப் பகுதியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடல் மணல், களிமண். தெற்கே பல்லாவரத்தில் வண்டலுக்கு அடியிலுள்ள கெட்டியான அடிப்பாறை, சார்னோக்கைட், வெளியே தலைகாட்டுகிறது. வடமேற்கே சத்தியவேடு பக்கம் போனால் கோண்டுவானா என்னும் பழைய படிவுத் தொகுதியின் மணற்கல். இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்த காலத்தில் அடிப்பாறை பிளந்து இறங்கிய பள்ளங்களில் படிந்தது அது. பள்ளத்தின் விளிம்புகள் வண்டலுக்கு அடியில் எப்படி ஓடுகின்றன என்பதுதான் என் கேள்வி. சார்னோக்கைட் கனமானது, படிவுப் பாறை லேசானது என்பதால் பள்ளத்தின் மேல் புவியீர்ப்பு சற்றுக் குறையும்.

1988இல் பால் வெசலும் வால்டர் ஸ்மித்தும் தொடங்கிய ஜிஎம்டியை முதலில் சொல்ல வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் வேலை வாங்க வேண்டும். தொடக்கத்தில் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் ஒருமுறை எழுதிவைத்த கட்டளைக் கோப்பில் புதிய அளவீடுகளைச் சேர்த்து ஓட்டினால், அதே வரைபடம் புதுப்பொலிவோடு வந்து நிற்கும். குறை ஒன்று உண்டு: தமிழ் எழுத்துகள் அதில் ஒழுங்காக அமைவதில்லை. ஊர்ப்பெயர்களை க்யூஜிஐஎஸ்ஸில்தான் போடுகிறேன். அங்கே எந்தச் சிக்கலும் இல்லை. ஹார்மோனிகா பைதான் நிரல்மொழி அறிந்தவர்களுக்கானது. தாறுமாறாகச் சிதறிய அளவீட்டுப் புள்ளிகளிலிருந்து சீரான கட்டவலை உருவாக்குவதில் அது மிக நன்றாக உழைக்கிறது.

மென்பொருளை விடத் தரவுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் டபிள்யூஜிஎம் 2012 என்ற உலகப் புவியீர்ப்பு வரைபடத்தின் ஒரு கட்டம் 2 பாகை நிமிடம், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான தூரம் மூன்று, நான்கு கட்டங்களில் முடிந்துவிடும். அதற்கு மூலமான இஜிஎம் 2008 என்ற புவியீர்ப்பு மாதிரியின் உண்மையான நுணுக்கம் இன்னும் குறைவு, சுமார் 9 கிலோமீட்டர். வண்ணம் தீட்டியதும் படம் வழுவழுவென்று அழகாகத் தெரியும். அந்த அழகை நம்பி ஒரு தெருவின் குறுக்கே பிளவுக்கோடு போடுவது பெரும் தவறு. மணலி புதுநகரில் மனை வைத்திருந்த ஒருவர், தன் நிலத்தின் அடியில் பிளவு இருக்கிறதா என்று இந்தப் படத்தைக் காட்டிக் கேட்டார். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உண்டான 5.5 ரிக்டர் நில அதிர்வைச் சென்னையில் உணர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். அவருடைய மனை முழுவதும் ஒரே கட்டத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும் என்று அளந்து காட்டினேன்.

ஆகவே களத்தில் நாமே அளக்க வேண்டியிருக்கிறது. நிலம் சமதளம் என்பதால் மலைப்பகுதிகளைப் போல் நிலமேடு பள்ளத் திருத்தத்தில் மண்டை காய வேண்டியதில்லை. உயரத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு மீட்டர் பிசகினால் கணக்கில் ஏறத்தாழ 0.2 மில்லிகால் (புவியீர்ப்பை அளக்கும் அலகு) பிசகும். கைப்பேசி காட்டும் உயரம் ஐந்து மீட்டர் தவறினால் ஒரு முழு மில்லிகால் போய்விடும். நாம் தேடும் விளிம்பே சில இடங்களில் அவ்வளவுதான் இருக்கும். உயரத்தை லெவல் கருவி வைத்தே எடுங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் புவியீர்ப்பை அளக்கும் கிராவிமீட்டரின் அளவு துள்ளும், அடங்க நேரம் பிடிக்கும். விடியலுக்கு முன் அங்கே போய்விடுவதே நல்லது.

காந்தத் தரவு இங்கே இன்னும் கடினம். அத்திப்பட்டு மின்நிலையத்திலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகள், மணலியின் இரும்புக் குழாய்கள், கொருக்குப்பேட்டைத் தண்டவாளங்கள் எல்லாம் காந்தப்புலத்தை அளக்கும் மேக்னடோமீட்டரின் அளவைக் கெடுக்கின்றன. அதைவிட ஆழமான சிக்கல் நம் அட்சரேகை. காந்த நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே அருகிலேயே ஓடுவதால் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய கிடையாகக் கிடக்கிறது. வடக்கு தெற்காக நீளும் அமைப்புகள் அதில் மங்கலாகவே பதிகின்றன. கடற்கரைக்கு இணையாகப் போகும் விளிம்புகளுக்கோ ஏறக்குறைய அந்தத் திசைதான். அளவீட்டைக் காந்தத் துருவத்தில் எடுத்தது போல் ஆக்கும், துருவத்துக்கு மாற்றும் திருத்தத்தை அப்படியே போட்டால் இரைச்சல் பெருகி, வடக்கு தெற்காகக் கோடு கோடாக எழும். அவற்றைப் பிளவு என்று குறித்த ஆய்வறிக்கைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதற்குப் பதில், காந்த நிலநடுக்கோட்டில் எடுத்தது போல் ஆக்கும், நிலநடுக்கோட்டுக்கு மாற்றும் திருத்தத்தைப் போடுங்கள். அது இங்கே நிலையாக நிற்கும்.

ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே புவியீர்ப்பு வளைவுக்கு ஆழமான சிறிய பள்ளமும் பொருந்தும், ஆழமற்ற அகன்ற பள்ளமும் பொருந்தும். இதை எந்த மென்பொருளும் தீர்க்காது. போர்வெல் போடுகிறவர்கள் எத்தனை அடியில் பாறை தட்டியது என்று எழுதிவைக்கும் நோட்டு தீர்க்கும். மீஞ்சூரில், மண்ணில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வை மட்டும் நம்ப முடியாது. கடல்நீர் உள்ளே புகுந்த மணலும் களிமண்ணும் ஒன்றுபோலவே குறைந்த மின்தடை காட்டும். புவியீர்ப்பும் போர்வெல் நோட்டும் ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் விளிம்பை முழுக்கோடாக வரைகிறேன். மற்ற இடங்களில் புள்ளிக்கோடு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் க்யூஜிஐஎஸ்ஸை முதலில் நிறுவி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்திலிருந்து நிலவியல் வரைபடத்தை இறக்கிப் பழகுங்கள். ஜிஎம்டி பிறகு வரட்டும். நான் இப்போது, நிலத்தில் எப்போதும் இருக்கும் சிறு அதிர்வுகளை அளக்கும் நுண்ணதிர்வு முறையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குச் சாலை அதிர்வும் கடலலையுமே மூலப்பொருள். மண்ணில் குறுக்கலையின் (பக்கவாட்டில் ஆட்டும் அதிர்வலையின்) வேகம் நொடிக்கு 200 மீட்டர், பாறை 20 மீட்டர் ஆழம் என்றால், அதிர்வுப் பதிவில் 2.5 ஹெர்ட்ஸில் ஒரு முகடு எழ வேண்டும். போர்வெல் நோட்டு இருக்கும் இடங்களில் அந்த முகட்டை முதலில் சரிபார்த்து வருகிறேன்.