பழுதான ஆல்டர்நேட்டரும் பணத்தை மீட்டுத் தந்த புகார்ச் சேவையும்

ஆன்லைனில் பழைய கார் பாகம் வாங்குகிறவர்கள் விற்பவரின் ஸ்டாரையும் விலையையும் பார்க்கிறார்கள், பொருள் பழுதாக வந்தால் அந்தத் தளம் என்ன செய்யும் என்று பார்க்கிறவர்கள் குறைவு. எனக்கு ஒரு பழைய ஆல்டர்நேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) பழுதாக வந்து சேர்ந்தது, விற்றவர் கையை விரித்தார், தளத்தின் புகார்ப் பிரிவு வழியாகப் போய்ப் பணம் முழுதாகத் திரும்பக் கிடைத்தது. அதனால் இந்த ரிவ்யூ பாகத்துக்கு இல்லை, அந்தப் புகார்ச் சேவைக்கு. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றை ஏன் குறைத்தேன் என்று பின்னால் சொல்கிறேன்.

விளம்பரத்தில் 'டெஸ்ட் செய்தது, நன்றாக சார்ஜ் ஆகிறது' என்று இருந்தது. படத்தில் லேபிளும் பார்ட் நம்பரும் தெளிவாகத் தெரிந்தன, என் வண்டியில் இருந்த பழையதோடு எண் சரியாகப் பொருந்தியது. மெக்கானிக் மாட்டி ஸ்டார்ட் செய்தார், டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு அணையவே இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். பொதுவாக இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். இன்ஜின் நிற்கும்போது முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 அளவில் இருக்கும். எங்களுக்கு இன்ஜின் ஓடும்போதே பன்னிரண்டு சொச்சத்தில்தான் நின்றது, ஹெட்லைட்டும் ஏசி ப்ளோயரும் போட்டதும் இன்னும் இறங்கியது. அதாவது வண்டி முழுக்க பேட்டரியை உறிஞ்சித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

விற்றவருக்கு எழுதினேன். பதில் வந்தது: உங்கள் பேட்டரி போயிருக்கும், பெல்ட் தளர்ந்திருக்கும், எர்த் வயரைப் பாருங்கள், எங்களிடம் இருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது. கோபம் வரத்தான் செய்தது, ஆனால் அந்தக் கேள்விகள் நியாயமானவை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெல்ட் வழுக்கினாலும் எர்த் சரியில்லாவிட்டாலும் மெயின் ஃபியூஸ் போயிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். போதாததற்குப் புதிய வண்டிகள் பலவற்றில் எவ்வளவு வோல்ட் கொடுக்க வேண்டும் என்று ஆல்டர்நேட்டருக்கு உத்தரவு போடுவதே இன்ஜின் கம்ப்யூட்டர்தான், அந்த வயர் அறுந்திருந்தால் நல்ல ஆல்டர்நேட்டரும் சார்ஜ் செய்யாது. வண்டியில் உள்ள கோளாறைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் விற்றவர் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு, அவர்களைப் பார்த்துப் பார்த்து விற்பவர்களும் எல்லாரையும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆகவே அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் சண்டைக்கே போக வேண்டும். பெல்ட், எர்த், ஃபியூஸ் மூன்றையும் மெக்கானிக் சோதிப்பதை வீடியோ எடுத்தோம். பிறகு ஆல்டர்நேட்டரைக் கழற்றி ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து பெஞ்சில் ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னேன். வண்டியையே விட்டு வெளியே எடுத்து டெஸ்ட் செய்வதால் பேட்டரி, வயர், கம்ப்யூட்டர் என்ற சாக்கு எதற்கும் அங்கே இடமில்லை. உள்ளே வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை, ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டயோடும் போயிருக்கிறது என்றார். அதைக் கடையின் லெட்டர்ஹெட்டில், தேதி போட்டு, பார்ட் நம்பரும் சீரியல் நம்பரும் எழுதிக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டேன். இந்த வழக்கில் பேசியது அந்த ஒரு தாள்தான் என்று இப்போதும் நம்புகிறேன். சீரியல் நம்பர் இல்லாமல் வாங்கியிருந்தால் அது எந்த ஆல்டர்நேட்டரைப் பற்றியும் எழுதப்பட்ட தாளாக இருந்திருக்கும்.

அடுத்து, புகாரை எந்தத் தலைப்பில் போடுகிறோம் என்பது. 'மனம் மாறிவிட்டது', 'என் வண்டிக்குப் பொருந்தவில்லை', 'விவரித்தபடி இல்லை' என்று பட்டியல் வரும். அவசரத்தில் பொருந்தவில்லை என்பதை அழுத்திவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் நம் தலையில் விழும், சில விற்பவர்கள் அந்தக் காரணத்துக்குத் திரும்ப எடுக்கவே மாட்டார்கள். வேலை செய்கிறது என்று சொல்லி விற்ற பாகம் வேலை செய்யவில்லை என்றால் அது விவரித்தபடி இல்லாத பொருள். தீர்ப்புச் சொல்லப் போகிறவர் மெக்கானிக் இல்லை, உங்கள் வண்டியையும் பார்க்கப் போவதில்லை. அவர் முன்னால் விளம்பரம் ஒரு பக்கம், உங்கள் ஆதாரம் இன்னொரு பக்கம், அவ்வளவுதான். எனவே நான் எழுதியது சில வரிகள் மட்டுமே: விளம்பரம் இப்படிச் சொல்கிறது, ரிப்போர்ட் இப்படிச் சொல்கிறது, இரண்டிலும் உள்ள பாகம் ஒன்றே என்பதற்கு லேபிள் படம் இது. எத்தனை நாள் வண்டி நின்றது, எவ்வளவு மன உளைச்சல் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அதையெல்லாம் எழுதினால் முக்கியமான வரி அதற்குள் புதைந்து போகும். விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது, விற்று முடிந்த விளம்பரங்கள் எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நம்ப முடியாது.

புகார் போட்ட பிறகு விற்றவரின் குரல் மாறியது. 'கேஸை வாபஸ் வாங்குங்கள், பணத்தை நேரடியாக அனுப்பிவிடுகிறேன், போனில் பேசலாம்' என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நல்லெண்ணத்தோடு கேட்டிருக்கவும் கூடும். ஆனாலும் இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பணம் கணக்கில் ஏறும் முன் புகாரை மூடக் கூடாது. பணம் கட்டும் சேவையான பேபாலில் மூடிய டிஸ்ப்யூட்டை, அதாவது புகாரை, மறுபடி திறக்கவே முடியாது, மற்ற இடங்களிலும் இது சுலபமில்லை. பேச்சு முழுக்கத் தளத்தின் மெசேஜ் பெட்டியிலேயே நடக்கட்டும், போனில் என்ன பேசினாலும் அது தீர்ப்புச் சொல்கிறவர் கண்ணில் படாது.

இழுத்தடிப்பதால் வரும் ஆபத்தும் இதில் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு பாதுகாப்புக்கும் ஒரு கெடு உண்டு. ஈபேயின் பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதத்தில் பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாளுக்குள் புகார் போட வேண்டும், விற்றவர் 3 வேலை நாளில் தீர்க்கவில்லை என்றால் ஈபேயையே தலையிடச் சொல்லலாம். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் இருக்கிறது, ஆனால் டிஸ்ப்யூட் திறந்தபின் 20 நாளுக்குள் அதை க்ளெய்மாக, அதாவது பேபாலே தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு, உயர்த்தாவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். 'நாளை பார்க்கிறேன், வெளியூரில் இருக்கிறேன்' என்ற பதில்களிலேயே இந்த 20 நாள் ஓடிவிடும். நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் அனுப்பச் சொல்லி, கட்டணம் மிச்சம் என்று சொல்கிற விற்பவர்களும் உண்டு. அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி, கேட்கும் வழியும் இருக்கிறது, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் புகார் நடக்கும்போதே வங்கியிலும் போட்டால் தளம் தன் பக்கத்துப் புகாரை மூடிவிடக்கூடும்.

எனக்குத் தீர்ப்பு சாதகமாக வந்தது, திருப்பி அனுப்பும் செலவு விற்றவருடையது. இங்கேயும் ஒரு கண்டம் உண்டு. நல்லதை வைத்துக்கொண்டு தன் வண்டியில் கிடந்த பழையதைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது விற்பவர்களின் பெரிய பயம், அதற்காகத்தான் பாகத்தின் மேல் பெயிண்டில் ஒரு குறி வைக்கிறார்கள். பழைய இன்ஜின் விற்பவர்கள் வெப்பம் தாண்டினால் உருகும் சின்ன வில்லை ஒன்றையும் ஒட்டுவார்கள், வாங்கியவர் தண்ணீர் இல்லாமல் ஓட்டிச் சூடேற்றினாரா என்று அதில் தெரிந்துவிடும். இந்தக் குறிகளைத் துடைக்கவோ பிடுங்கவோ கூடாது, துருவைச் சுரண்டக்கூட வேண்டாம். சீரியல் நம்பர் தெரியும்படி பெட்டிக்குள் வைப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்தேன், கூரியர் ரசீதில் எடை பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஆல்டர்நேட்டர் கனமான பொருள், குமிழ் உறையை மட்டும் நம்பினால் அது பெட்டிக்குள் உருண்டு மாட்டும் காது உடைந்துவிடும், பிறகு அது புதுச் சண்டை.

எல்லாப் பாகத்துக்கும் இந்தச் சேவை இதே மாதிரி உதவும் என்று சொல்ல மாட்டேன். இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், வாங்கினால் நிலைமை வேறு. இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய இசியு அந்த வண்டியின் சாவியோடும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரோடும் இணைந்திருக்கும், மறுபடி கோடிங் செய்யாமல் உங்கள் வண்டி பல சமயம் ஸ்டார்ட்டே ஆகாது. அது பழுதான பாகம் இல்லை என்று விற்றவர் சொன்னால் அது சரிதான். 'உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது', 'ரிப்பேருக்கு மட்டும்' என்று எழுதியிருந்ததை வாங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்று போனாலும் நிற்காது. ஏர்பேக், சீட் பெல்ட் மாதிரி உயிர் காக்கும் பாகங்களையோ, புகார்ச் சேவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழையதாக வாங்கவே வேண்டாம். அது வேலை செய்யவில்லை என்று தெரிய வரும் நேரத்தில் பணம் திரும்பி வந்து ஒரு பயனும் இல்லை.

குறைத்த ஒரு ஸ்டாருக்கு வருகிறேன். மாட்டியதற்கும் கழற்றியதற்கும் மெக்கானிக்குக் கொடுத்த கூலியும் பெஞ்ச் டெஸ்டுக்குக் கொடுத்ததும் திரும்ப வரவில்லை. பாகத்தின் விலையும் அனுப்பிய செலவும் மட்டும்தான் பாதுகாப்பில் அடங்கும் என்று விதியிலேயே இருக்கிறது, விற்பவர்கள் தனியாகக் கொடுக்கும் வாரண்டியிலும் பொதுவாக இதே கதைதான். கூலி அதிகம் பிடிக்கும் பாகமென்றால், உதாரணத்துக்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டிய க்ளட்ச் வேலை, கியர்பாக்ஸ் போன்றவை, பாகத்தில் மிச்சம் பிடித்ததை இந்த ஒரே இடத்தில் இழந்துவிடுவோம். இன்னொன்று, கேஸ் பார்த்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஏற்றிய அதே படங்களை மறுபடி கேட்டார்கள். பொறுமை இல்லாதவர் பாதியிலேயே விட்டுவிடுவார், அப்படி விட்டுவிட்டால் பணம் விற்றவரிடமே தங்கிவிடும். இதைத் தளம் சரிசெய்ய வேண்டும்.

கண்ணாடி, டெயில் லேம்ப், கதவு, பம்பர் இவற்றை இதே தளத்தில் மறுபடி வாங்குவேன், படத்தில் பார்ப்பதும் பெட்டியில் வருவதும் ஒன்றுதானா என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். மின்சாரப் பாகமென்றால் இனி வந்தவுடன் பெஞ்சில் ஓடவிட்டுப் பார்த்து, தேறினால் மட்டும்தான் வண்டியில் மாட்டச் சொல்வேன்.