கிளிப் பெடலும் ஷூவும் செட்டாக ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் அரை மாதச் சம்பளம் போச்சு

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என் ரோடு பைக் வகை சைக்கிளுக்கு, ஷூவைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளிப் பெடல், அந்தப் பூட்டுக்காக ஷூவுக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டும் க்ளீட் என்ற துண்டு, ஷூ மூன்றையும் ஒரே செட்டாக விற்கும் ஆன்லைன் கடை ஒன்றில் என் மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். அந்த ஷூவில் நடக்க முடியவில்லை. பெடலிலிருந்து காலை எடுக்க முடியாமல் நடுரோட்டில் விழுந்து முழங்கை கிழிந்தது. பணம் திரும்ப வராது என்று இன்று காலை கடைசியாகச் சொல்லிவிட்டார்கள்.

நான் கேட்டது ஒன்றும் அதிசயமான பொருள் இல்லை. வேலைக்கு சைக்கிளில் போகிறேன். இறங்கினால் படியேற வேண்டும், வழியில் கடைக்குள் போய்வர வேண்டும். ரோடு பைக்காரர்கள் பெரும்பாலும் போடும் மூன்று போல்ட் க்ளீட் இதற்குச் சரிவராது. அது பெரிய பிளாஸ்டிக் துண்டு. ஷூவுக்கு அடியில் துருத்திக்கொண்டு நிற்கும், நடக்க நடக்கத் தேயும். இரண்டு போல்ட் க்ளீட் அப்படி இல்லை. ஷிமானோ 1990-இல் மலை சைக்கிளுக்கென்று கொண்டுவந்த எஸ்பிடி முறை அது. சின்ன இரும்புத் துண்டுதான். அதற்கென்று செய்த ஷூவில் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், தரையில் படுவது ரப்பர்தான். ரோடு பைக்கிலும் தாராளமாக மாட்டலாம், பெடல் மாட்டும் கிராங்குக் கைகளில் பெரும்பாலும் பெடல் மரை அதே 9/16 அங்குலம்தான்.

இதெல்லாம் தெரிந்துதான் கடைக்காரர்களிடம் சாட்டில் கேட்டேன். "க்ளீட் அடியில் உள்ளே அமுங்கி இருக்குமா? டைல்ஸ் தரையில் நடக்கலாமா?" உடனே பதில் வந்தது. "தாராளமா நடக்கலாம் சார். நானே இதைத்தான் போட்டு ஓட்டுறேன், நாள் முழுக்க காலிலேயே இருக்கும்." அதோடு விடவில்லை. பாதத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து அனுப்பச் சொன்னார். சாயங்காலத்தில் கால் கொஞ்சம் வீங்கும், அப்போது அளங்கள் என்றார். தடித்த காலுறை போடுவீர்களா என்று கேட்டு, அரை சைஸ் கூட்டி எடுக்கச் சொன்னார். சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் இன்னொருவரிடம் அக்கறையாகப் பேசுகிற மாதிரிதான் இருந்தது. அந்தப் பேச்சை நம்பித்தான் பணத்தைக் கட்டினேன். அரை மாதச் சம்பளம், ஒரே தட்டில்.

வந்த பெட்டியைப் பிரித்து ஷூவைத் திருப்பினால், விற்பனைப் பக்கத்துப் படத்தில் இருந்த ரப்பர் கட்டையே இல்லை. வழவழவென்று கெட்டியான பிளாஸ்டிக் அடி. மூன்று போல்ட் க்ளீட்டுக்கு மூன்று, இரண்டு போல்ட் க்ளீட்டுக்கு இரண்டு, ஆக எதற்கும் பொருந்தும் என்று ஐந்து ஓட்டைகள். பள்ளம் கிடையாது. க்ளீட்டை மாட்டினால் முழு இரும்பும் வெளியே நிற்கிறது. எழுந்து நின்றால் உடம்பின் பாரம் அத்தனையும் அந்தத் துண்டின் மேல். டைல்ஸில் கால் வைத்ததும் கிறீச்சென்று சறுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

நடக்க முடியாதது ஒரு பக்கம். அதைவிட ஆபத்தானது அடிப்பாகத்துக்குள் இருந்தது. க்ளீட்டின் இரண்டு போல்ட்டும் ஷூவுக்குள் இருக்கும் ஒரு உலோகத் தகட்டின் மரையில் ஏற வேண்டும். 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கச் சொல்கிறது ஷிமானோ கையேடு. வைத்த அளவுக்கு இறுகியதும் டிக் என்று காட்டும் டார்க் ரென்ச்சை 5-இல் வைத்து இறுக்கினேன். டிக் என்று நின்றது. வீட்டில் மாட்டிக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ரோட்டில் ஓட்டிப் போய் ஒரு சிக்னலில் நிற்கப்போகும்போது பெடலிலிருந்து க்ளீட்டை விடுவிக்க வழக்கம்போல் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினேன். ஷூ திரும்பியது, க்ளீட் திரும்பவில்லை. முன் போல்ட்டின் மரை தகட்டிலேயே போய்விட்டிருந்தது. க்ளீட் மிச்சமிருந்த ஒரே போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, காலை எவ்வளவு முறுக்கினாலும் ஷூ மட்டும் அதைச் சுற்றிக்கொண்டது. பெடல் விடவே இல்லை. சைக்கிளோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். பின்னால் வந்த கார்க்காரர் பிரேக் போட்டார், அவருக்கு நன்றி. கீழே கிடந்தபடியே ஷூவின் பட்டையைக் கழற்றித்தான் காலை உருவ முடிந்தது. வீட்டுக்கு வந்து போல்ட்டை எடுத்துப் பார்த்தால், மரையின் இடுக்கில் தகட்டு உலோகம் சுருள் சுருளாக ஒட்டியிருக்கிறது. அவ்வளவு மட்டமான தகடு. பெடல் அச்சிலும் ஆட்டம் இருந்தது, அதை யாரும் காதில் வாங்கவே இல்லை.

அப்புறம்தான் அலைச்சல். முதலில் பெட்டி பிரிக்கும் வீடியோ இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றதும் போட்டோ கேட்டார்கள். போட்டோ அனுப்பினால், "அடியில் க்ளீட் பொருத்திய தடம் தெரிகிறது, பயன்படுத்திய பொருளை எடுக்க முடியாது" என்று பதில். க்ளீட்டைப் பொருத்தாமல் இந்த ஷூவில் நடக்க முடியுமா முடியாதா என்று எப்படித் தெரியும்? பொருத்தினால் தடம் விழாமல் எப்படி இருக்கும்? இதை நான் எத்தனை விதமாகக் கேட்டும் அதே வாக்கியம்தான் திரும்ப வந்தது. மரை போனதற்கு, நான் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேனாம். ரென்ச்சின் படத்தை அனுப்பினேன், பதில் இல்லை. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். சாட்டில் என்னோடு பேசியவரைக் கேட்டால், "அவர் இப்ப இந்தப் பிரிவில் இல்லை சார்." அவர் எழுதியதைக் காட்டினால், அது அவருடைய சொந்தக் கருத்தாம், கம்பெனி உறுதிமொழி இல்லையாம். விற்கும்போது கம்பெனி பெயரில்தானே பேசினார்? கடைசியில், அடுத்த தடவை வாங்கும்போது கழித்துக்கொள்ள ஒரு கூப்பன் தந்து புகாரை மூடிவிட்டார்கள். என் அரை மாதச் சம்பளத்துக்கு ஒரு கூப்பன்! இதற்கு நடுவில் அந்த விற்பனைப் பக்கத்திலிருந்து 'நடக்க ஏற்றது' என்ற வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். நான் முன்பே எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் அது இருக்கிறது.

எந்தப் பெடல், எந்த ஷூ என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வலியில் இவ்வளவுதான் முடிகிறது. ஷூவின் மேல்பக்கப் படத்தை நம்பாதீர்கள், அனுப்பப்போகும் அதே ஷூவின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். பள்ளமும் சுற்றிலும் ரப்பரும் தெரியவில்லையென்றால் வேண்டாம். செட்டாக வாங்காதீர்கள். நல்ல பெடலோடு க்ளீட் கூடவே வரும், ஷூவை நேரில் காலில் போட்டுப் பார்த்துத் தனியாக வாங்குங்கள். க்ளீட்டில் எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். ஷிமானோவில் எஸ்எச்51 பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும், எஸ்எச்56 வேறு கோணங்களிலும் விடும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது நல்லது. க்ளீட்டைப் பிடிக்கும் பெடல் ஸ்பிரிங்கின் திருகை முதலில் தளர்த்தியே வையுங்கள், கால் எளிதாக விடும். பொருத்திப் பார்த்த பிறகு திருப்பி எடுப்பார்களா என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

கார்டில் கட்டிய தொகையை மறித்துத் தரச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அரை மாதச் சம்பளத்தைச் சும்மா விடப்போவதில்லை. இந்த மாதிரி ஐந்து ஓட்டை ஷூவை ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்து சைக்கிளை எடுப்பதற்கு முன் இரண்டு போல்ட்டையும் கழற்றி மரையைப் பாருங்கள். உலோகத் தூள் ஒட்டியிருந்தால் அந்த ஷூவோடு ரோட்டுக்குப் போகாதீர்கள்.